கேள்வி பதில்: ரெண்டு நீலப் புறா, ஒண்ணு மட்டும் மிச்சம்

போன இதழ்ல மொரிஷியஸ் தீவுல அழிஞ்சு போன நீலப் புறாவைப் பத்தி ஒரு சின்னத் துணுக்கு போட்டிருந்தேன். அதோட சொந்தக்காரப் புறா சீஷெல்ஸ் தீவுகள்ல இன்னும் நல்லாவே இருக்குன்னு கடைசியில ஒரு வரி சேத்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் எழுதியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேத்து இந்தத் தடவை முழுசா இதுக்கே பதில் எழுதிடறேன்.

கேள்வி: ரெண்டும் நிஜமாவே சொந்தமா, இல்ல ரெண்டும் நீலமா இருக்கறதால அப்படிச் சொல்றாங்களா?

நிஜமான சொந்தம்தாங்க. ரெண்டும் அலெக்ட்ரோனாஸ்ங்கற ஒரே பேரினத்துல, அதாவது நெருங்கின சொந்தங்களைச் சேத்து வச்ச ஒரே தொகுப்புல வருது. இந்தப் பேரினம் மேற்கு இந்தியப் பெருங்கடல்ல இருக்கற தீவுகளைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. மடகாஸ்கர்ல ஒண்ணு, கொமோரோஸ்லயும் அல்டாப்ராலயும் ஒண்ணு, சீஷெல்ஸோட கருங்கல் தீவுகள்ல ஒண்ணு, இது மூணும் இன்னைக்கும் உயிரோட இருக்கு. மொரிஷியஸ்ல இருந்தது போயிடுச்சு. ராட்ரிக்ஸ் தீவுலயும் ஒண்ணு இருந்திருக்கு, அதை வெறும் எலும்பை வச்சுதான் 2011ல பேர் சூட்டி அறிவிச்சாங்க, அதுக்கு என்ன நிறம்னுகூட யாருக்கும் தெரியாது. இதுங்களோட மூதாதை ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்ததில்ல, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா பக்கத்துப் பழப் புறாக்களோட கிளைதான் தீவு தீவா தாண்டி இந்தப் பக்கம் வந்து சேந்திருக்குன்னு மரபணு ஆய்வுகள் சொல்லுது. அவ்வளவு பெரிய கடலை ஒரு புறா தாண்டி வந்து குடும்பம் நடத்தி அஞ்சு இடத்துல அஞ்சு விதமா ஆகியிருக்குன்னு நினைச்சாலே எனக்கு ஆச்சரியம் தீரல.

ரெண்டுக்கும் அறிவியல் பேர் கிடைச்சதும் ஒரே வருஷம்தான், 1786, வச்சதும் ஒரே ஆள், ஸ்கோபோலிங்கற இயற்கை ஆய்வாளர். ஊர்ல கூப்பிட்ட பேரும் ஒண்ணுதான், ரெண்டு இடத்துலயும் 'டச்சுப் புறா'ன்னுதான் ஜனங்க சொல்லியிருக்காங்க, சிவப்பு வெள்ளை நீலம்னு அந்த நாட்டுக் கொடி நிறத்துல இருந்ததால.

கேள்வி: பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எப்படிங்க வித்தியாசம் கண்டுபிடிக்கறது?

மொதல்ல சைஸ். மொரிஷியஸ் புறா சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், சீஷெல்ஸ் புறா அதைவிட சின்னது, 24 பக்கம் வரும். ரெண்டுக்கும் உடம்பு கருநீலம், தலை கழுத்து வெளிர் நிறம், முகத்துல எங்கயாவது சிவப்பு. ஆனா அந்தச் சிவப்பு இருக்கற இடம் வேற வேற.

சீஷெல்ஸ் புறாவைக் கிட்டத்துல எடுத்த போட்டோ ஒண்ணைப் பெரிசு பண்ணிப் பாருங்க. அலகுக்கு மேலேர்ந்து உச்சந்தலை வரைக்கும் இறகே இல்லாம ரத்தச் சிவப்புல மரு மருவா தோல் இருக்கும், அதுக்குக் கீழ கழுத்தும் நெஞ்சும் வெள்ளியும் சாம்பலும் கலந்த மாதிரி, அதுக்கப்புறம் திடீர்னு கோடு போட்ட மாதிரி கருநீலம் ஆரம்பிச்சு வால் வரைக்கும் அப்படியே போகும். வால்ல சிவப்பு இருக்காது.

மொரிஷியஸ் புறாவுக்கு முகத்துல கண்ணைச் சுத்தி, கன்னம் வழியா அலகு வரைக்கும் வெறும் சிவப்புத் தோல். நிஜமான சிவப்பு பின்னாடி இருந்துச்சு, வாலும் வாலுக்கு மேல இருக்கற பகுதியும் ஆழ்ந்த சிவப்பு. அதைவிட அழகு அதோட கழுத்து. தலை, கழுத்து, நெஞ்சு பூரா நீளமா, ஒல்லியா, நுனி கூர்ந்த வெள்ளி இறகு, அதை நினைச்சப்ப சிலுப்பி ஒரு பெரிய காலர் மாதிரி விரிச்சு நிறுத்த அதால முடியும். இன்னைக்கு உயிரோட இருக்கற மூணு சொந்தத்துல எதுக்கும் அந்த அளவுக்கு நீள இறகு கிடையாது.

கேள்வி: அது சிலுப்பும்னு எப்படித் தெரியும்? அப்ப கேமராவே கிடையாதே?

நல்ல கேள்வி. உயிரோட இருந்த ஒரு மொரிஷியஸ் புறா 1790 வாக்குல ஹாலந்துக்கு கப்பல்ல போயிருக்கு. அங்க இளவரசர் அஞ்சாம் வில்லியம் வச்சிருந்த விலங்குக் காட்சிச் சாலையில அது கொஞ்ச மாசம் உயிரோட இருந்துச்சு. ஹாஸ்புரூக்ங்கற ஓவியர் அதைப் பாத்து வரைஞ்சு வச்சாரு, அந்தப் படத்துல கழுத்து இறகு எல்லாம் எழும்பி நிக்குது. குரல் எப்படி இருந்துச்சுன்னும் குறிச்சு வச்சிருக்காங்க, 'பஃப் பஃப் பஃப்'னு பத்துப் பன்னெண்டு தடவை விடாம கத்துமாம், நடுவுல சாதாரணப் புறா மாதிரி குனுகவும் செய்யுமாம். அந்தப் படமெல்லாம் ரொம்ப காலம் யார் கண்ணுலயும் படாம கிடந்து 1969லதான் வெளியில வந்துச்சு. உயிரோட இருந்த அந்தப் பறவை என்ன பண்ணுச்சுங்கறதுக்கு நம்மகிட்ட இருக்கற சாட்சியே இப்படி ரெண்டு மூணுதான், அதுல ஒண்ணுகூட தொலைஞ்சு போகாம கிடைச்சது பெரிய விஷயம்.

பதம் பண்ணின உடம்பு உலகத்துல மூணே மூணு இருக்கு. ஒண்ணு பாரிஸ்ல, ஒண்ணு எடின்பரோவுல, மூணாவது மொரிஷியஸ் தலைநகரமான போர்ட் லூயிஸ் மியூசியத்துல. இந்த மூணாவதுதான் மனசைப் பிசையற கேஸ், 1826ல தெற்குப் பக்கம் சவான் காட்டுல சுட்டது. அதுக்கப்புறம் அந்தப் பறவை கையில கிடைச்சதா உறுதியான பதிவே இல்ல. 1832ல டெஜார்டன்ங்கற உள்ளூர் இயற்கை ஆய்வாளர் தீவோட நடுவுல இருக்கற அடர்ந்த காட்டுல இன்னும் கொஞ்சம் இருக்கலாம்னு எழுதினாரு. 1830கள்லயே கதை முடிஞ்சிருச்சுன்னுதான் பொதுவா எடுத்துக்கறாங்க.

கேள்வி: பறக்கத் தெரியாத டோடோப் பறவை 1660கள்லயே போயிடுச்சுன்னு சொல்றாங்க. அதே தீவுல இது மட்டும் எப்படி இன்னும் 170 வருஷம் தாங்குச்சு?

பறக்கத் தெரியும், மர உச்சியில வாழும், அதான். டோடோ தரையில முட்டை வச்சது, பன்னிக்கும் எலிக்கும் கைக்கெட்டின தூரம். இது மேல இருந்துச்சு. மேல இருக்கற காட்டை வெட்டற வரைக்கும் தாக்குப் பிடிச்சுது.

கேள்வி: சரி, ஒரே ஜாதிப் பறவை, ஒரே கடல். ஒண்ணு அழிஞ்சு ஒண்ணு பிழைச்சதுக்கு என்னதான் காரணம்? சீஷெல்ஸ்காரங்க நல்லவங்க, மொரிஷியஸ்காரங்க கெட்டவங்கன்னு எடுத்துக்கலாமா?

அப்படி எடுத்துக்காதீங்க, ப்ளீஸ். இந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு இடம் கேட்டு வாங்கினேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

மொதல்ல கணக்கைப் பாருங்க, தலைகீழா தோணும். மொரிஷியஸ் பெரிய தீவு, 1,800 சதுர கிலோமீட்டருக்கு மேல. சீஷெல்ஸ்ல பெரிசுன்னு சொல்ற மாஹேயே 150 சதுர கிலோமீட்டர்தான் தேறும், மத்ததெல்லாம் இன்னும் சின்னது. பெரிய வீட்ல இருந்தது செத்துப் போச்சு, சின்ன வீட்ல இருந்தது பிழைச்சிருக்கு. ஏன்னா நிலம் எப்படி இருக்குங்கறதுதான் இங்க விஷயம். மொரிஷியஸ் நடுவுல மேட்டு நிலம், சுத்தி நல்ல சமவெளி, எரிமலை மண்ணு, கரும்புக்கு இதைவிட என்ன வேணும். டச்சுக்காரங்க 1598ல வந்து இறங்கினாங்க, 1710ல விட்டுட்டுப் போனாங்க. அவங்க கருங்காலி மரம் வெட்டினாங்கதான், ஆனா காடு அப்பவும் நிறைய மிச்சம் இருந்துச்சு. பிறகு ஃபிரெஞ்சுக்காரங்க 1721லேர்ந்து நிலையா குடியேறினாங்க, 1810ல இங்கிலீஷ்காரங்க பிடிச்சாங்க, 1825ல மொரிஷியஸ் சர்க்கரைக்கு பிரிட்டன்ல இருந்த கூடுதல் வரியை எடுத்தாங்க. அவ்வளவுதான், காடு காடா வெட்டி கரும்பு நட்டாங்க. அந்த வரி போன அடுத்த வருஷம்தான் சவான்ல அந்தப் புறாவைச் சுட்டது. ஒரு வருஷத்துல எதுவும் அழியாது, அது முன்னாடியே ரொம்ப குறைஞ்சு போயிருந்துச்சு, ஆனா மிச்சம் மீதி இருந்தது திரும்ப பெருக இடமே இல்லாம பண்ணினது அந்தக் கரும்பு அலைதான்னு நான் நினைக்கறேன். இன்னைக்கு மொரிஷியஸ்ல நல்ல நிலையில இருக்கற பூர்வீகக் காடு நூத்துல ரெண்டு பங்குகூட இல்ல.

மாஹே அப்படிக் கிடையாது. கடலோரத்துல கொஞ்சூண்டு சமநிலம், அதைத் தாண்டினா நெட்டுக்குத்தா கருங்கல் மலை, உச்சி 905 மீட்டர். அங்கயும் ஜனங்க சும்மா இல்ல, 1770ல குடியேறினதுலேர்ந்து மரத்தை வெட்டித் தள்ளினாங்க, தென்னை வச்சாங்க, லவங்கப்பட்டைக்காக மலையையே மொட்டை அடிச்சாங்க. ஆனா கரும்பு மாதிரி ஒரே சீரா தட்டையாக்க முடியல, மடிப்பு மடிப்பா பாறை இடுக்குல எங்கயாவது காடு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதோட லவங்கப்பட்டை தர்றதும் ஒரு மரம்தானே, பழம் காய்க்கும். சீஷெல்ஸ் புறா அதைச் சாப்பிடப் பழகிடுச்சு, வெளியிலேர்ந்து வந்த இலாங் இலாங் மரத்துப் பழத்தையும் சாப்பிடுது. கரும்புத் தோட்டத்துல ஒரு பழம் தின்னற புறாவுக்கு என்ன கிடைக்கும்? ஒண்ணும் கிடைக்காது.

அடுத்தது குரங்கு. இதைப் பல பேர் கணக்குலயே எடுத்துக்கறதில்ல. நண்டு தின்னும் மக்காக் குரங்கை 1600களோட தொடக்கத்துலயே யாரோ கப்பல்ல கொண்டு வந்து மொரிஷியஸ்ல விட்டுட்டாங்க. எலிக்கு மேல ஏறத் தெரியும்தான், ஆனா குரங்கு மாதிரி ஒரு காட்டையே கிளை கிளையா துழாவ எதால முடியும்? புறாக் கூடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், நாலு குச்சியைக் குறுக்க வச்சா கூடு, கீழேர்ந்து பாத்தா முட்டையே தெரியும். அதுவும் இந்த நீலப் புறா பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் வைக்கும். அந்த ஒண்ணு போச்சுன்னா அந்த முயற்சியே போச்சு. சீஷெல்ஸ்ல காட்டுக் குரங்கு கிடையாது. பூனை இருக்கு, எலி இருக்கு, குரங்கு இல்ல.

மூணாவது, தீவு எத்தனைங்கறது. மொரிஷியஸ் புறாவுக்கு ஒரே தீவு. சீஷெல்ஸ் புறாவுக்கு மாஹே, பிராஸ்லின், சிலூயெட், லா டீக், ஃப்ரெகாட்னு பக்கத்துல பக்கத்துல பல தீவு. ஒரு தீவுல சுட்டு ஒழிச்சாலும் இன்னொண்ணுல நாலு தப்பிச்சிருக்கும், நிலைமை சரியானதும் பறந்து வந்து திரும்ப நிரப்பும். இது சும்மா தியரி இல்ல, நிஜமாவே நடந்துச்சு. இறைச்சிக்காக அங்கயும் ஒரு காலத்துல சுட்டுத் தள்ளினாங்க, பல இடத்துல காணாமலே போச்சு. பிறகு வேட்டையைத் தடுத்தாங்க, பாதுகாப்பு கொடுத்தாங்க, புறா மெல்ல மெல்லத் திரும்பி வந்துச்சு. உலக அளவுல அழிவு அபாயம் இல்லாத பறவைன்னுதான் இப்ப அதைப் பட்டியல்ல வச்சிருக்காங்க.

மொரிஷியஸ் புறாவுக்கும் அப்படி ஒரு திரும்பி வரும் காலம் ஒரு தடவை வாய்ச்சிருக்கு, தெரியுமா? கொசிஞிங்கற ஃபிரெஞ்சுக்காரர் 1755ல எழுதறாரு, 23 வருஷத்துக்கு முன்னாடி நிறைய இருந்த பறவை இப்ப அபூர்வமாயிடுச்சு, காட்டை வெட்டறதும் தப்பி ஓடின அடிமைங்க வேட்டையாடறதும்தான் காரணம்னு. ஓடிப் போய் காட்டுல ஒளிஞ்சு பசியோட கிடந்தவங்க கையில கிடைச்சதைச் சாப்பிட்டிருப்பாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல, அவங்களை அந்த நிலைமைக்குத் தள்ளினவங்கதான் காட்டையும் வெட்டினவங்க. ஆனா 1790 வாக்குல அது மறுபடியும் சகஜமா கண்ணுல பட்டிருக்கு. அப்படின்னா காடு மட்டும் இருந்திருந்தா அதால எழுந்திருக்க முடிஞ்சிருக்கும். எனக்கு இதுல ரொம்ப வலிக்கற பக்கம் அதுதான்.

கேள்வி: தமிழர்கள் நிறைய பேர் மொரிஷியஸ் போயிருக்காங்களே, அவங்க பாத்திருப்பாங்களா?

1834லேர்ந்து ஒப்பந்தக் கூலியா போனவங்க பாத்திருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, அவங்க போய் இறங்கினப்ப காடு இருந்த இடத்துல கரும்பு நின்னுச்சு. ஆனா அதுக்கு நூறு வருஷம் முன்னாடி, 1730கள்ல, லா பூர்தொனே கவர்னரா இருந்து போர்ட் லூயிஸைக் கட்டினப்போ பாண்டிச்சேரிலேர்ந்து தமிழ்க் கைவினைக்காரங்களைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. கொசிஞி சொல்ற, புறா நிறைய இருந்த காலம் அதேதான். அவங்க தலைக்கு மேல அது பறந்திருக்கும்னு தாராளமா நம்பலாம். சீஷெல்ஸ்ல 1770ல முதன்முதலா குடியேறின கூட்டத்துலயும் தென்னிந்தியர்கள் அஞ்சு பேர் இருந்தாங்க.

கேள்வி: மொரிஷியஸ்ல பிங்க் புறாவைக் காப்பாத்திட்டாங்களே, நீலப் புறாவை ஏன் விட்டாங்க?

காலம் வேறங்க. நீலப் புறா போனப்ப ஒரு இனத்தைக் காப்பாத்தணும்ங்கற எண்ணமே யாருக்கும் இல்ல. பிங்க் புறா 1990, 91 வாக்குல காட்டுல பத்து பக்கம்தான் இருந்துச்சு, அதுக்குள்ள கூண்டுல இனப்பெருக்கம் பண்ற வழி தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்க. எழுத்தாளர் ஜெரால்டு டரெல் ஆரம்பிச்ச வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு, உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ், மொரிஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளைன்னு எல்லாரும் சேந்து கூண்டுல வளத்துக் காட்டுல விட்டாங்க, கூடுதல் தீனி வச்சாங்க, பூனை எலி குரங்கைக் கட்டுப்படுத்தினாங்க. இன்னைக்கு சில நூறு இருக்கு. அங்கயும் கூட்டைக் கலைக்கற பெரிய எதிரிகள்ல குரங்கும் ஒண்ணு, நீலப் புறாவுக்கு என்ன நடந்திருக்கும்னு நான் மேல சொன்னதுக்கு இதுதான் அடிப்படை.

கேள்வி: அப்ப சீஷெல்ஸ் புறாவைக் கொண்டு போய் மொரிஷியஸ்ல விட்டா என்ன? இல்ல டிஎன்ஏ எடுத்து பழைய புறாவையே திரும்ப உண்டாக்க முடியாதா?

ரெண்டாவதுக்கு மொதல்ல சொல்லிடறேன், இப்போதைக்கு முடியாது. பறவை முட்டைக்குள்ள வளருது, பாலூட்டிகளுக்குப் பண்ற க்ளோனிங் அப்படியே இங்க செல்லாது, நம்மகிட்ட இருக்கறதும் 200 வருஷம் பழைய மூணு தோல். முடிஞ்சாலும் கொண்டு வந்து எந்தக் காட்டுல விடறது?

முதல் கேள்வி அப்படித் தள்ளிவிடற கேள்வி இல்ல. மொரிஷியஸ்லயே அதுக்கு முன்மாதிரி இருக்கு. அங்க இருந்த ராட்சச ஆமைங்க அழிஞ்சு போனதும் கருங்காலிப் பழத்தைத் தின்னு விதையைப் பரப்ப ஆளில்லாம போச்சு, விழுந்த விதையெல்லாம் தாய் மரத்தடியிலயே கிடந்துச்சு. அதனால 2000ல ஈல் ஓ செக்ரெட்ங்கற குட்டித் தீவுல அல்டாப்ரா ஆமைங்களைக் கொண்டு வந்து விட்டாங்க. அதுங்க பழத்தைத் தின்னு வேற வேற இடத்துல விதையைப் போட, புதுக் கன்று முளைக்க ஆரம்பிச்சுது. செத்துப்போன சொந்தத்தோட வேலையை உயிரோட இருக்கற சொந்தம் செய்யுது.

நீலப் புறாவுக்கு இது ஒத்து வருமான்னு கேட்டா எனக்கு ரெண்டு பயம் இருக்கு. ஆமையை வேலி போட்டு நிறுத்தலாம், சரிப்பட்டு வரலன்னா திரும்ப எடுத்துடலாம், பறக்கற பறவையை அப்படிப் பண்ண முடியாது. இன்னொண்ணு, அங்க இப்ப காட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது வெளியிலேர்ந்து வந்த சீனக் கொய்யா, புதுசா வந்த புறா பூர்வீக மரத்தை விட்டுட்டு அதோட பழத்தைத் தின்னு அதையே இன்னும் பரப்பிட்டா? அதனால குரங்கும் கொய்யாவும் இருக்கற வரைக்கும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்கால வேலி கட்டி, கொய்யாவைக் கையால பிடுங்கி, கொஞ்சம் கொஞ்சமா பழைய காட்டை மீட்டுக்கிட்டு இருக்காங்க. அந்த வேலை முதல்ல ஆகட்டும்.

கேள்வி: சீஷெல்ஸ் புறாவுக்கு இனிமே பயமே இல்லையா?

அப்படிச் சொல்ல மாட்டேன். அதே தீவுகள்ல ஒரு பச்சைக் கிளி இருந்துச்சு, சீஷெல்ஸ் கிளி. சோளத்தைத் தின்னுதுன்னு சுட்டாங்க, காடும் தென்னந்தோப்பா மாறிப் போச்சு, 1900களோட தொடக்கத்துலயே அது இல்லாம போயிடுச்சு. மலையும் பல தீவும் இருந்தும் அந்தக் கிளி தப்பிக்கல. புறா தப்பிச்சதுக்குத் துப்பாக்கி நின்னது ஒரு பெரிய காரணம், அது நாளைக்கே திரும்ப வந்தா கதை மாறும்.

கேள்வி: அடுத்த வருஷம் குடும்பத்தோட சீஷெல்ஸ் போறோம். எங்க போனா பாக்கலாம்?

கொடுத்து வச்சவங்க நீங்க. மாஹேல விக்டோரியா ஊருக்குள்ளயே இருக்கற தாவரவியல் பூங்காவுல பாக்கலாம், பிராஸ்லின் போனா 'வாலே து மே'ங்கற இடத்துல பாக்கலாம், 1983லேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமா இருக்கற பனங்காடு அது. காலையில சீக்கிரம் போங்க. தரையில தேடாதீங்க, பழம் இருக்கற மரத்தோட உச்சிக் கிளையைப் பாருங்க, இலை போன கொம்புல ஒத்தையாவோ ஜோடியாவோ உக்காந்திருக்கும். எதிர் வெளிச்சத்துல முழுக் கறுப்பா தெரியும், கொஞ்சம் சுத்தி வந்து வெயில் நம்ம முதுகுல படற மாதிரி நின்னுக்கோங்க, அப்பதான் அந்த நீலமும் தலைச் சிவப்பும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தா ஆண் புறா நேரா மேல ஏறி இறக்கையை வளைச்சு வச்சுக்கிட்டு சறுக்கி இறங்கறதையும் பாப்பீங்க. பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க, பசங்களுக்கும் தனியா ஒண்ணு.